அக்கா பெயரில் ஒரு கட்டி

மஹய்யாவ, கண்டி.
2025 பெப்ரவரி 2, ஞாயிறு காலை.

லோஜிதாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் அனுப்பப் போவதில்லை. அனுப்பாத கடிதத்தில்தான் உள்ளதை உள்ளபடி எழுத முடியும் போலிருக்கிறது. அதனால் முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

எனக்கு வலது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது.

தைப்பொங்கலுக்கு அதிசயமாக எனக்கே ஒரு ஜாக்கெட் தைத்தேன். ஊராருக்கெல்லாம் தைக்கிறவள் கிழிந்ததைப் போட்டுக்கொண்டு திரிகிறாள் என்று கேலி செய்வீர்களே, அந்த ரோசம்தான். போட்டுப் பார்த்தால் இடது பக்கம் சரியாக உட்கார்ந்தது, வலது பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. கண்டி டவுனில் எத்தனை பேருக்கு அளவெடுத்த கை இது! பிரித்துத் தைத்தேன். மறுபடியும் இழுத்தது. துணியைக் குற்றம் சொல்லி அலுத்த பிறகுதான் உடம்பைத் தடவிப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவு இருந்தது. வலி கிடையாது. வலித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டிக்குள் ரத்தம் ஓடுகிறதா என்று நிறத்தில் காட்டுகிற ஸ்கேனாம், டொப்ளர் என்று பெயர். பார்த்தவர் ஆண் டாக்டர். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கவாட்டில் கையை வைத்து மார்பை இறுக்கி அமுக்கி மறைத்துக்கொண்டே படுத்திருந்தேன். "கைய எடுங்க" என்று நர்ஸ் மிஸ் சொன்னார். நான் எடுக்கவில்லை. வெளியே அத்தனை சனம் நிற்கும்போது எவ்வளவு நேரம்தான் என்னோடு மல்லுக்கட்டுவார்கள்? ரத்த ஓட்டம் தெரியவில்லை என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது. ஆனாலும் கட்டியின் ஓரம் சீராக இல்லை, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்று இருபதாம் திகதிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்களிடம் எப்படிச் சொல்வேன்? அங்கே சிறைக்கு வந்தால் இரண்டு கம்பி வலை, நடுவில் காவல்காரர் நடக்கிற இடைவெளி. இந்தப் பக்கம் பெண்சாதிமார் கத்த, அந்தப் பக்கம் புருஷன்மார் கத்த, யார் சொல்வது யாருக்கு என்றே விளங்காது. அதற்குள் நின்று "மார்புல கட்டி" என்று நான் கத்த வேண்டுமா? எழுதலாமென்றால் தமிழ் தெரிந்த ஓர் ஐயா பிரித்து வாசித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவாராம். முகம் தெரியாத ஆண்பிள்ளைக்கு என் மார்பைப் பற்றி எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

அதோடு கோபமும் இருக்கிறது. கடைசியாக வந்த அன்று வலைக்குள்ளிருந்து என்ன கத்தினீர்கள்? "அன்னிக்குக் காலையில நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் கோவத்துல லொறிய எடுத்திருக்க மாட்டேன்." தூங்காமல் லொறி ஓட்டாதீங்க என்று சொன்ன வாயா குற்றவாளி? கட்டுகஸ்தோட்டையில் அந்த மனிதரை லொறியால் அடித்துக் கொன்றது என் வாயா? அன்றோடு நான் வருவதை நிறுத்தினேன்.

பயமாக இருக்கிறதுங்க. எழுதிவிட்டேன். இதை மடித்துத் தையல் மெஷின் லாச்சியை இழுத்து அதற்குள் வைக்கிறேன்.

யசோதினி


மஹய்யாவ.
பெப்ரவரி 2, பின்னேரம்.

லோஜிதாவின் அப்பாவுக்கு,

இதை முதலில் வாசிக்கிற ஐயாவுக்கு என் வணக்கம். வீட்டு விஷயம்தான், வேறொன்றும் இல்லை.

நாங்கள் சுகமாக இருக்கிறோம். லோஜிதா இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அப்பா எங்கே என்று கேட்டால் லொறியில் தூர ஓட்டம் போயிருக்கிறார் என்று சொல்கிறேன். நீங்கள் அன்று கத்தியதை நான் மறக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் என் பாப்பம்மா அக்காவுக்கு மாரில் ஒரு கட்டி வந்திருக்கிறது. கண்டிக்கு வந்து ஸ்கேன் எடுத்தாள். கட்டிக்குள் ரத்தம் ஓடுவது தெரியவில்லையாம். ஆனாலும் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அக்கா யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறாள், அத்தானுக்குக்கூடத் தெரியாது. உங்கள் அம்மாவுக்கும் இப்படித்தானே வந்தது, உங்களைக் கேட்டால் தெரியும் என்று சொன்னாள். ஊசிக்குப் போகலாமா, வேண்டாமா? இருபதாம் திகதி போக வேண்டும், அதற்குள் பதில் போடுங்கள்.

யசோதினி


பெப்ரவரி 13.

அன்பு யசோவுக்கு,

நிரோஷன் எழுதுகிறேன். உன் கையெழுத்தைக் கண்டதும் எனக்குப் பாதித் தண்டனை முடிந்த மாதிரி இருந்தது. நான் அன்று கத்தியது புத்தி கெட்ட பேச்சு. அந்த மனிதரின் முகம் கண்ணை மூடினால் வருகிறது, யார் மீதாவது தூக்கிப் போட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். அகப்பட்டவள் நீ. என்னை இங்கே தோட்ட வேலையில் போட்டிருக்கிறார்கள். கத்தரி நட்டிருக்கிறோம். லொறியில் எத்தனை மூட்டை கத்தரி ஏற்றியிருப்பேன், ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றியது இப்போதுதான்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். ஊசிக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். எங்கம்மாவுக்கு என்ன நடந்தது? சும்மா கிடந்த கட்டியில் ஊசியால் குத்தினார்கள், மூன்றாம் மாதம் தூக்கிக்கொண்டு போனோம். தூங்குகிற பாம்பைக் குச்சியால் குத்தினால் அது சும்மா இருக்குமா? ரத்தமே ஓடவில்லை என்று மெஷினே சொல்லிவிட்டதே! ரத்தம் ஓடாத கட்டி செத்த கட்டி. அது பாட்டுக்குக் கிடக்கட்டும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்துப் போடச் சொல். எதற்கும் பயப்பட வேண்டாம், அக்காவின் வாய்க்குப் பயந்து கட்டி தானாகவே ஓடிவிடும்.

இந்த ஐயா நல்லவர். இருபதாம் திகதி என்று நீ எழுதியிருந்ததால் சுணங்காமல் கொடுத்தார், இதையும் இன்றே அனுப்புவதாகச் சொன்னார்.

பிள்ளைக்கு என் முத்தம்.

நிரோஷன்


மஹய்யாவ.
மார்ச் 9.

லோஜிதாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இருபதாம் திகதிக்கு முன்னமே வந்துவிட்டது. சொன்னதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவள் ஊசிக்குப் போகவில்லை. கிளினிக்கிலிருந்து போன் எடுத்தார்களாம், அவள் எடுக்கவில்லை. வீட்டுக்காரரே யோசித்துச் சொன்ன பிறகு... அதாவது, எங்கள் வீட்டு ஆம்பிளை நீங்கள் சொன்ன பிறகு வேறு யார் பேச்சு எதற்கு என்று இருந்துவிட்டாள். பத்துப் போடுகிறாள். வாசம் வெளியே தெரியாமல் இருக்க மேலே துணி வைத்துக் கட்டிக்கொள்கிறாள். சில நாட்கள் சிறுத்த மாதிரியும் இருக்கிறதாம். உங்கள் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

லோஜிதாவுக்கு முன் பல் விழுந்துவிட்டது. "அப்பா வாறதுக்குள்ள முளைச்சிடுமா?" என்று கேட்கிறாள். முளைத்துவிடும் என்றேன்.

அக்கா ஒன்று கேட்கச் சொன்னாள். இதே கட்டி உங்கள் பெண்சாதிக்கு வந்திருந்தாலும் இதையேதான் சொல்வீர்களா என்று கேட்கிறாள். அவள் கேட்டதை எழுதினேன், அவ்வளவுதான்.

யசோதினி


ஏப்ரல் 20.

அன்பு யசோவுக்கு,

சித்திரை பிறந்த அன்று இங்கே பாற்சோறு தந்தார்கள். வாயில் வைத்ததும் உன் நினைவு வந்துவிட்டது, பாதியைப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்காவுக்கு என்ன கிறுக்கா? தன் கட்டியைப் பற்றிக் கேட்கிறவள் எதற்கு உன்னை இழுக்கிறாள்? உனக்கு அதெல்லாம் வராது. நீ இரும்பு. அந்தப் பேச்சே எனக்கு வேண்டாம், வாசித்த பிறகு அன்றைக்கெல்லாம் மனசு சரியில்லை. சிறுத்திருக்கிறது என்றால் நல்லதுதானே! நான் சொன்னது பலித்துவிட்டது என்று அவளிடம் சொல். வெளியே வந்ததும் எனக்கு ஒரு சேவல் அடித்துச் சமைக்க வேண்டும் என்றும் சொல்.

நீ ஒருமுறை வரமாட்டாயா? பிள்ளை வேண்டாம். நீ மட்டும்.

நிரோஷன்


மஹய்யாவ.
மே 9.

லோஜிதாவின் அப்பாவுக்கு,

வர முடியவில்லை. தையல் வேலை அதிகம்.

அக்காவுக்குக் கட்டி சிறுக்கவில்லை. சிறுத்த மாதிரி இருந்தது அவளுடைய ஆசை. இப்போது எலுமிச்சை அளவு இருக்கிறது. மேலே தோல் ஒரு இடத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழுந்திருக்கிறது. கண்ணாடி முன்னால் கையைத் தூக்கினால் நன்றாகத் தெரிகிறது. பத்துப் போட்ட இடம் வெந்து சிவந்துவிட்டது. கக்கத்திலும் பட்டாணி போல ஒன்று கைக்குத் தட்டுப்படுகிறது.

அவள் தூங்குவதில்லை. தையல்... கொழுந்து எடுக்கும்போதும் கை அங்கேயே போகிறது. பிள்ளையைப் பார்த்தால் அழுகை வருகிறது என்கிறாள். ஊசிக்குப் போகலாமா என்று மறுபடியும் கேட்கிறாள். போ என்று ஒரு சொல் சொல்லுங்கள். நீங்கள் வேண்டாம் என்று எழுதிய காகிதம் தலையணைக்கு அடியில் கிடக்கும்போது அவளால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறாள்.

யசோதினி


மே 18, ஞாயிறு.

யசோ,

உனக்கா?

நேற்று பாப்பம்மா அக்கா என்னைப் பார்க்க வந்தாள். அடையாள அட்டை வேலையாகக் கண்டிக்கு வந்தவள், தம்பியையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று முறுக்குப் பையோடு வந்து நின்றாள். உன் ஒன்பதாம் திகதிக் கடிதம் நேற்றுக் காலையில்தான் என் கைக்கு வந்திருந்தது. குழி விழுந்ததைப் பற்றி நீ எழுதியது மனசில் கிடந்தது. அவளைக் கண்டதும் கத்தினேன். "அக்கா, கட்டி எப்பிடி இருக்கு?"

"என்னா தம்பி?"

"கட்டி! மாருல இருக்கிற கட்டி!"

பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னா பேச்சு பேசுறீங்க தம்பி? எனக்கு எங்க கட்டி? நான் நல்லாத்தானே இருக்கேன். யாரு சொன்னா?"

"யசோதான் எழுதினா" என்றேன். எனக்கு முன்னால் அவளுக்கு விளங்கிவிட்டது. வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தம்பி, அவ சித்திரைக்கும் வீட்டுப் பக்கம் வரல்ல. ஆளு பாதியா போயிட்டா. கேட்டா தையல் வேலங்கிறா" என்றாள். முறுக்குப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். நேரம் முடியும் முன் அங்கிருந்து போன முதல் ஆள் அவள்தான்.

யசோ, ஊசிக்குப் போகாதே என்று நான் அக்காவுக்குச் சொன்னேன். உனக்குச் சொல்லவில்லை. அக்காவுக்கு என்றதும் என் வாய் எவ்வளவு லேசாக ஓடியது! சேவல் கேட்டேன். அட கடவுளே, சேவல் கேட்டேன்.

எங்கம்மாவைப் பற்றி நான் எழுதியது அரைவாசிதான். ஊசிக்குக் கொண்டுபோன அன்று அந்தக் கட்டி ஏற்கெனவே உடைந்து வாடை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாகப் பத்துப் போட்டு மறைத்து வைத்திருந்தாள். அவளை ஊசி கொல்லவில்லை. நாங்கள் ஊசியைக் குற்றம் சொன்னோம், அது திருப்பிப் பேசாது என்பதால்.

போ. இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே போ. ஊசி போடட்டும், வெட்டட்டும், என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நிரோஷன்


மஹய்யாவ.
மே 29.

லோஜிதாவின் அப்பாவுக்கு,

இதை முதலில் வாசிக்கிற ஐயாவுக்கு: இது என் வலது மார்பைப் பற்றிய கடிதம். நீங்கள் வாசித்துக்கொள்ளுங்கள். ஆனால் சுணங்காமல் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் வர முன்னமே அக்கா வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முதலில் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு, "ஏண்டி, நோவுக்குப் பேரு வைக்க ஒனக்கு வேற ஆளே கெடைக்கல்லியா?" என்று கேட்டாள். அழுதுகொண்டே இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அன்று இரவு கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு என்னோடே தங்கினாள். இன்னும் போகவில்லை.

உங்கள் மீது எனக்குள்ள கோபத்தை எழுதாமல் விட முடியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அக்காவின் உயிர் என்ன கத்தரி மூட்டையா? தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கலாமே. "டாக்டர் சொல்வதைக் கேள்" என்று ஒரு வரி போதும், யாருக்காக இருந்தாலும் அது பொருந்தியிருக்கும். என் மீதும் கோபம்தான். பொய் என்னுடையது, புத்தி உங்களுடையது. இரண்டையும் சேர்த்து அரைத்து மார்பில் பூசிக்கொண்டு மூன்று மாதம் இருந்திருக்கிறேன்.

அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இந்தமுறை ஸ்கேன் பார்த்தவர் இல்மா என்று ஒரு பெண் டாக்டர். பத்துப் போட்டு வெந்திருந்ததைப் பார்த்தும் ஏசவில்லை. நான் பழையபடி கையால் அமுக்கி மறைத்துக்கொண்டேன். "கைய எடுங்கம்மா. அமுக்கிப் பிடிச்சா ஓடுற ரத்தமும் நின்டு போகும். எனக்குக் கருப்பாத்தான் தெரியும்" என்றார். அவரே கருவியை மேலே பட்டும் படாமலும்தான் வைத்திருந்தார். நான் கையை எடுத்தேன்.

எடுத்ததும் அந்தக் கறுப்புக்குள் நிறம் வந்தது. சிவப்பும் நீலமுமாக நூல் நூலாக வெளியிலிருந்து கட்டிக்குள் நுழைந்து கோணல்மாணலாகப் பிரிந்து ஓடியது. சிவப்பு என்றால் கெட்டதா என்று கேட்டேன். "இல்ல, சிவப்பு நம்மட பக்கம் வாற ரத்தம், நீலம் அங்கால போற ரத்தம். நிறத்துல நல்லது கெட்டது இல்ல. அது எப்பிடி உள்ளுக்குப் போகுது எண்டுதான் பாக்கிறம்" என்றார். "போன முறை ஓட்டம் இல்ல எண்டாங்களே" என்று அக்கா கேட்டாள். ஓட்டம் தெரியாவிட்டாலும் கட்டி நல்லது என்று சொல்ல ஏலாது, அதனால்தானே ஊசிக்கு வரச் சொல்லியிருந்தார்கள் என்றார். போனமுறை அதை மறைத்தது என் கைதான். அந்த டாக்டர் மீது ஒரு குற்றமும் இல்லை.

ஊசி போட்டார்கள். மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போட்டார்கள். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதற்குத்தான் நான் மூன்று மாதம் பயந்தேன். முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகும்.

பெப்ரவரியில் எழுதி அனுப்பாத கடிதத்தையும் இதோடு வைக்கிறேன். அதையும் வாசியுங்கள்.

யசோதினி


ஜூன் 8.

அன்பு யசோவுக்கு,

தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது சாஹுல் ஹமீது ஐயா தானே நடந்து வந்தார். தமிழ்க் கடிதங்களையெல்லாம் வாசித்துக் கொடுக்கிறவர் அவர்தான். வழக்கமாக எங்களைக் கூப்பிட்டுத்தான் கொடுப்பார். முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை நீட்டினார். "இத நான் வாசிக்கல்ல" என்றார். உறை பிரித்திருந்தது. "நீங்க அந்த மரத்தடியில போய் இருந்து வாசிங்க. அவசரமில்ல" என்றும் சொன்னார். இந்த இடத்தில் யாரும் யாரிடமும் அவசரமில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அனுப்பாத கடிதத்தை முதலில் வாசித்தேன். அது பெப்ரவரியில் வந்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். போ என்றுதான் எழுதியிருப்பேன் என்று உன்னிடம் சத்தியம் செய்ய ஆசை. செய்யமாட்டேன். எனக்கே தெரியாது.

உனக்கு நான் வேறு என்ன எழுத? ஊசி முடிவு வந்ததும் ஒரு வரி போடு. ராத்திரியில் இங்கே எல்லோரும் தூங்கிய பிறகு என் நெஞ்சை நானே தடவிப் பார்க்கிறேன். உன்னுடையதை எனக்கு மாற்றித் தரச் சொல்லி முருகனிடம் கேட்கிறேன். சிரிக்காதே.

நிரோஷன்


மஹய்யாவ.
ஜூன் 21.

லோஜிதாவின் அப்பாவுக்கு,

புற்றுநோய்தான். டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னபோது அக்காதான் மயங்கினாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை முதலாம் திகதி செவ்வாய்க்கிழமை மார்பை எடுக்கிறார்கள். கக்கத்தில் உள்ளதையும் எடுத்துப் பார்ப்பார்களாம். லோஜிதாவை அக்கா மடுல்கெல்லைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பிள்ளைக்கு இரண்டு சட்டை தைக்க வேண்டும். கொஞ்சம் பெரிதாகவே தைக்கிறேன், பிறகு போடட்டும். மேலும் பெரிதாக ஒன்று தைக்கலாமா என்று நினைத்தேன். நினைத்ததும் பயந்துபோய் மெஷினை மூடிவிட்டேன்.

இருபத்தெட்டாம் திகதி சனிக்கிழமை உங்களைப் பார்க்க வருகிறேன்.

யசோதினி


ஜூன் 29.

யசோ,

நேற்று நீ போன பிறகு நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஐயா வந்துதான் கூட்டிக்கொண்டு போனார்.

நீ இவ்வளவு மெலிந்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. வழக்கம் போல எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை, கையைக் காதில் வைத்துக் காட்டினேன். அப்போது நீ கத்தினாய். "என் மாருலங்க! வலது மாருல! செவ்வாக்கிழம வெட்டப் போறாங்க! எனக்குப் பயமா இருக்கு!"

அத்தனை சத்தமும் அடங்கிவிட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. உன் பக்கத்தில் நின்ற சிங்களத்துப் பெண் உன் முதுகில் கையை வைத்தாள். என் பக்கத்தில் நின்றவன் தன் பெண்சாதியோடு பேசுவதை நிறுத்திவிட்டு, "பேசுங்க அண்ணே, நாங்க சும்மா நிக்கிறோம்" என்றான். அவ்வளவு அமைதி கிடைத்தும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ போய்விடாதே யசோ. அன்றைக்குக் காலையில் நீ சொன்னதைக் கேட்டுப் படுத்துத் தூங்கியிருந்தால் அந்த மனிதரும் இருந்திருப்பார், நானும் உன் பக்கத்தில் இருந்திருப்பேன், நீயும் அக்கா பெயரில் எழுதியிருக்க வேண்டியதில்லை. எல்லாம் நான் செய்தது. ஆனாலும் கேட்கிறேன், போய்விடாதே.

நல்லதோ கெட்டதோ எனக்கு எழுது. வேறு யார் பெயரிலும் எழுதாதே.

நிரோஷன்


ஆஸ்பத்திரி, கண்டி.
ஜூலை 9.

லோஜிதாவின் அப்பாவுக்கு,

வலது கையைத் தூக்க முடியவில்லை, எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை அக்கா இங்கே கொண்டுவந்து தந்தாள்.

எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்டிருக்கிறது, உள்ளே ஒரு குழாய். குனிந்து பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கிறேன், இனி எனக்கு எப்படித் தைப்பது என்று தெரியவில்லை.

கக்கத்திலும் பரவியிருந்ததாம். மருந்து ஏற்ற வேண்டும், பிறகு கதிர்வீச்சுக் கரண்ட் பிடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஏதாவது சொல்ல முடியும் என்றார்கள். பெப்ரவரியிலேயே வந்திருந்தால் கக்கத்துக்குப் போயிருக்காதா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என் தலையணையை நேராக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். அதற்கெல்லாம் இப்போது எனக்குத் தெம்பில்லை. லோஜிதாவுக்குப் புதுப் பல் முளைக்கிறது, அக்கா சொன்னாள். நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாக இருக்கிறது.

எனக்கு வலிக்கிறது. எனக்கு ராத்திரியில் மூச்சு முட்டுகிற மாதிரி பயமாக இருக்கிறது. எனக்குச் சாக விருப்பமில்லை.

பதில் போடும்போது எனக்குப் போடுங்கள்.

யசோதினி